வாசகர் கேள்விகள்: வரி, மருத்துவம், உரிமை – உங்கள் எம்.எல்.ஏ.வின் நிலைப்பாட்டை எங்கே தேடுவது?

சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கென்றே இந்த இதழின் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களில் பெரும்பாலானவை வரி, பொதுச் சுகாதாரம், குடியுரிமைகள் (பாகுபாடின்றி வாழவும் பேசவும் குடிமக்களுக்கு உள்ள உரிமைகள்) ஆகிய மூன்றையே சுற்றி வந்தன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

"மக்களின் வரிச்சுமையைக் குறைப்பேன் என்று எங்கள் எம்.எல்.ஏ. கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார். ஜி.எஸ்.டி. வந்தபிறகு மாநிலத்தின் கையில் வரி எதுவுமே இல்லை என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?" – சேலம் வாசகர்

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்கள், சேவைகள் மீதான வரி விகிதங்களை ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்கிறது. அந்த மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆகவே எல்லா மாநிலங்களும் ஒரே அணியில் நின்றாலும், ஒன்றிய அரசு இசையாமல் எதுவும் நடவாது. மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் நடைமுறையில் விகிதங்கள் மன்றத்தில்தான் முடிவாகின்றன, அங்கே மாநிலத்தின் சார்பில் அமரும் அமைச்சரைத் தவிர மற்ற உறுப்பினர்களுக்கு இடமில்லை.

ஆனால் மாநிலத்தின் கையில் எதுவுமே இல்லை என்பது தவறு. பெட்ரோல், டீசல் மீதான விற்பனை வரி, மது மீதான ஆயத்தீர்வையும் (உற்பத்தி மீதான வரி) விற்பனை வரியும், வாகன வரி, முத்திரைத்தீர்வை, மின்நுகர்வு வரி, நிலவரி ஆகியவை இன்றும் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023-ல் மோட்டார் வாகன வரியை உயர்த்தும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறியது. மனை வாங்கும்போது நீங்கள் கட்டும் 7 விழுக்காடு முத்திரைத்தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக்கட்டணமும் கோட்டையிலிருந்து வருபவையே; டெல்லிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தொழில்வரி மட்டும் சற்று வேறுபட்டது: அதை உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன என்றாலும், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்ற வரம்பு அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், சட்டமன்றம் விரும்பினாலும் அதைத் தாண்ட முடியாது.

எனவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது, "எந்த வரியை, எவ்வளவு, அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டி?" என்பதுதான். மூன்றாவது பகுதிக்குப் பதில் சொல்லாமல் முதல் பகுதியை மட்டும் பேசுகிறவரிடம் வரியைப் பற்றிய கருத்து இன்னும் உருவாகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"வரி என்பது பணம் சம்பந்தப்பட்டது; மருத்துவம் உடல் சம்பந்தப்பட்டது; சாதிப் பாகுபாடு சமூகம் சம்பந்தப்பட்டது. உங்கள் பகுதியில் இவை மூன்றையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறீர்கள்?" – திண்டுக்கல் வாசகி

இந்தக் கேள்விக்கு நம் சட்டமன்றத்தின் ஒரே ஓர் ஆண்டைக் காட்டிப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது 1939.

அதற்கு இரண்டாண்டு முன்னால், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. அவற்றிலிருந்து வந்துகொண்டிருந்த ஆயத்தீர்வை நின்றுபோனது. மதுவிலக்கு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தபோது மாகாணத்தின் கருவூலத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்பியாக வேண்டியிருந்தது. அதற்காக வந்ததுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி அதுதான். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், சட்டமன்றத்திலும் பலத்த எதிர்ப்பு இருந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு ரசீதிலும் இருக்கும் வரிக்கு மூதாதை, உடல்நலத்தையும் குடும்பத்தையும் மதுவிலிருந்து காக்கவேண்டும் என்று எடுத்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது என்பதை நான் முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே 1939-ல்தான் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் நிறைவேறியது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், தாய்சேய் நலம் ஆகியவற்றை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த இத்தகைய விரிவான முயற்சியில் நாட்டிலேயே முன்னால் நின்றது சென்னை மாகாணம். அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. 2020-ல் பெருந்தொற்றின்போது முகக்கவசம் அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்க வழிசெய்யப்பட்டதும் அதைத் திருத்தித்தான்.

அதே ஆண்டு ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் பட்டியலினத் தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். உடன் சென்றவர்களில் பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் ஒருவர். நுழைந்தவர்கள்மீதும் அனுமதித்தவர்கள்மீதும் வழக்கு வரக்கூடும் என்ற நிலையில் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க, ஆலய நுழைவு அதிகாரமளிப்பு மற்றும் காப்புறுதிச் சட்டம் அந்த ஆண்டே வந்தது. அந்த அமைச்சரவையில் பொதுச் சுகாதாரம், அறநிலையம் ஆகிய இரண்டு துறைகளையும் கையில் வைத்திருந்தவர் ஒருவரே – மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன். நோய்க்கிருமியைத் தடுக்கும் சட்டமும் கோயில் கதவைத் திறக்கும் சட்டமும் ஒரே அமைச்சரின் மேசையைக் கடந்து சென்றன.

இதை ஒரு பொற்காலமாக நான் காட்டவில்லை. அதே அமைச்சரவைதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்துப் போராடியவர்களைச் சிறையில் அடைத்தது. கைதிகளாக இருந்தபோதே நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தது அந்த 1939-ன் முதல் மூன்று மாதங்களுக்குள்தான். கோயிலுக்குள் நுழையும் உரிமைக்காகச் சட்டம் செய்த கைகளே தெருவில் நின்று முழக்கமிடும் உரிமையை மறுத்தன. ஒருவருடைய குடியுரிமைக் கொள்கையை அவருக்கு உவப்பான விவகாரத்தில் மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நம் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கு இன்று தலைகீழாகியிருக்கிறது. மதுவை விலக்கி அந்த இழப்பை ஈடுகட்ட விற்பனை வரி கொண்டுவந்த அதே மாநிலம், 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்துகிறது. 2023-24-ல் ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாக மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மருத்துவமனையில் கல்லீரல் நோயாளிக்குப் படுக்கை தருவதும், அவர் அந்த நோயை விலைகொடுத்து வாங்கிய கடையும் ஒரே கருவூலத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. "மதுக்கடைகளை மூடுவோம்" என்று சொல்லும் உறுப்பினர் வரிக்கொள்கையையும் சேர்த்தே பேசுகிறார். "மூட முடியாது" என்று சொல்பவர் சுகாதாரக் கொள்கையையும் சேர்த்தே பேசுகிறார். இரண்டையும் பிரித்துவைத்துப் பேசும் உரிமையை நாம் அவர்களுக்குத் தரவேண்டாம்.

"எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எம்.எல்.ஏ. புதுக் கட்டடம் கட்டித் தந்திருக்கிறார். ஆனால் மாலை நேரத்தில் மருத்துவர் இருப்பதில்லை. கேட்டால், 'என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்' என்கிறார். உண்மையிலேயே அவ்வளவுதானா?" – தருமபுரி வாசகர்

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் அளவிலான பணிகளை உறுப்பினர் பரிந்துரைக்கலாம். அது கட்டடத்துக்கும் கருவிக்கும் சாலைக்குமான பணம். அதில் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. எனவே அந்த நிதியைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. ஆனால் உறுப்பினரின் வேலை அந்த நிதியோடு முடிவதில்லை. சொல்லப்போனால் அங்கே அது தொடங்குவதுகூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். தடுப்பூசிகள் வைக்கும் குளிர்பெட்டியின் மேல் ஓர் அட்டை தொங்கியது; காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். செவிலியர் அன்று காலையில் எழுதியது 5. முந்தைய வாரத்தில் இரண்டு மாலைகளுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. காரணம் கேட்டபோது, பக்கத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் பணியிடம் காலியாக இருப்பதால் அந்த இரண்டு நாள்களிலும் அங்கே போகவேண்டியிருந்ததாக, தவறு செய்துவிட்டவரைப்போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த இரண்டு வெற்றுக் கட்டங்கள்தாம் பொதுச் சுகாதாரம். புதிய கட்டடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் அவை தெரிவதில்லை.

அந்தக் காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லும் இடம் பேரவை. மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் கோரிக்கை, ஒவ்வோர் ஆண்டும் விவாதத்துக்கு வருகிறது. வினா நேரத்தில் அமைச்சரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லியே கேட்கலாம். அவசரமென்றால் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. அந்த ஊழியர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பதையும் அதே அவையில் கேட்கலாம். "என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன்" என்பவரிடம், இவற்றில் எதைச் செய்தார், எந்தத் தேதியில் செய்தார் என்று பணிவோடு கேளுங்கள்.

"சுகாதாரத்துக்கு இன்னும் 100 கோடி கூடுதலாக ஒதுக்கவேண்டும் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர முடியுமா?" – தஞ்சாவூர் கல்லூரி மாணவி

முடியாது. மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் பேரவைக்குத் தரவில்லை. ஆகவேதான் கூடுதல் நிதி வேண்டுமென்று வாதிட விரும்புகிற உறுப்பினரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார். கோரிக்கையிலிருந்து 100 ரூபாயைக் குறைக்கவேண்டும் என்று முன்மொழிந்துவிட்டு, அந்த வாய்ப்பில் தன் தொகுதியின் குறையைப் பேசுகிறார். செய்தித்தாளில் "சுகாதார நிதியை வெட்டக் கோரினார்" என்று படித்துவிட்டு உங்கள் உறுப்பினர்மீது கோபப்படுவதற்கு முன்னால், வெட்டச் சொன்ன தொகையைப் பாருங்கள்.

"கொறடா சொன்னபடிதானே எல்லோரும் வாக்களிக்கிறார்கள்? அப்படியிருக்க, தனிப்பட்ட ஓர் எம்.எல்.ஏ.வின் கருத்துக்கு என்ன மதிப்பு?" – திருநெல்வேலி வாசகர்

வாக்கைப் பொறுத்தவரை உங்கள் வருத்தம் நியாயமானது. கட்சித்தாவலைத் தடுக்க 1985-ல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தால் அல்லது வாக்களிக்காமல் இருந்தால் பதவி போகலாம். ஆனால் கொறடா கட்டுப்படுத்துவது வாக்கை. உறுப்பினர் அவையில் பேசிய பேச்சுக்காக எந்த நீதிமன்றத்திலும் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று அரசமைப்பின் 194-ஆவது பிரிவு காப்பு அளிக்கிறது. அவர் கேட்கும் வினாக்கள், குழுக்களில் எடுக்கும் நிலை, தொகுதியில் யாருடைய வீட்டுக்குப் போகிறார், யாருடைய வீட்டுக்குப் போவதில்லை என்பவை அவருடைய சொந்த முடிவுகளாகவே இருக்கின்றன.

"சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்கள் எல்லாம் நாடாளுமன்றம் செய்தவை. இதில் மாநில உறுப்பினருக்கு என்ன வேலை இருக்கிறது?" – விழுப்புரம் வாசகர்

தீண்டாமையை ஒழித்தது அரசமைப்பின் 17-ஆவது பிரிவு. 1955-ன் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தின் சட்டங்கள். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வழக்குப் பதியும் காவல்துறை மாநிலத்தினுடையது. வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் மாநிலத்தால் நியமிக்கப்படுபவர். நிவாரணத் தொகையை வழங்குவது மாவட்ட நிர்வாகம்.

இதற்கும் மேலாக, பெரும்பாலான வாக்காளர்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995-ல் வகுக்கப்பட்ட விதிகளில் 17-ஆவது விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும் என்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது அது கூடவேண்டும். அந்தக் குழுவில் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எத்தனை வழக்குகள் பதிவாயின, குற்றப்பத்திரிகை ஏன் தாமதமாகிறது, பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச்சேர்ந்ததா, அதிகாரிகள் தங்கள் கடமையைச் செய்தார்களா என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்கும் உரிமை உங்கள் எம்.எல்.ஏ.வுக்குச் சட்டப்படி இருக்கிறது. சென்ற ஆண்டில் அந்தக் குழு எத்தனை முறை கூடியது, அவர் எத்தனை முறை போனார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மேடையில் அம்பேத்கரின் படத்துக்கு மாலை அணிவிப்பதைவிட அந்த வருகைப் பதிவேடு அவருடைய கருத்தை அதிகம் சொல்லும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தண்ணீரைக் குடித்த குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டபோதுதான் அது வெளியே வந்தது. அதைச் சுகாதாரத் துறையின் பிரச்சினை என்பீர்களா, குடியுரிமையின் பிரச்சினை என்பீர்களா? குளோரின் கலப்பதற்கும் தொட்டியைக் கழுவுவதற்கும் ஆகும் செலவை வைத்துக்கொண்டு அதை வரிப்பணத்தின் பிரச்சினை என்றுகூடச் சொல்லலாம். திண்டுக்கல் வாசகி கேட்டதற்கு இன்னொரு பதில் அந்தத் தொட்டியில் இருக்கிறது.

மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் குடியுரிமையை எவ்வளவு தூரம் விரிக்க முடியும் என்பதற்கும் நம்மிடமே சான்றுகள் உண்டு. பட்டியலின மக்கள் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை, இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் உறுப்பினர்களாக இருந்த சென்னைச் சட்டமன்றம் 1924-ல் நிறைவேற்றியது. 1967-ல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தாது என்ற குறை இருந்தாலும், நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது 2005-ல்தான்.

"நீங்கள் மதிக்கும் ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினரைச் சொல்லச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?" – மயிலாடுதுறை வாசகி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1926-ல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவராகவும் ஆனவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் எடுத்த வழியைப் பாருங்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்து 1927-ல் தீர்மானம் கொண்டுவந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பெண்கள் ஏன் வெளியேற முடியவில்லை என்று கேட்டார். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலம், ஊழியத்தை விட்டால் போய்விடும் என்ற நிலை அவர்களைக் கட்டிவைத்திருந்தது. ஊழியத்திலிருந்து விடுபட்டாலும் நிலம் அவர்களிடமே இருக்க வழிசெய்யும் திருத்தம் 1929-ல் வந்தது. உரிமையை அறிவிப்பதற்கு முன்னால், அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவள் மறுநாள் எதைச் சாப்பிடுவாள் என்று கணக்குப் பார்த்த சட்டம் அது. பொட்டுக்கட்டுவதை முழுதாகத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1947-ல். அப்போது அவர் உறுப்பினராக இல்லை, 1930-லேயே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்திருந்தார். உங்கள் ஊரில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் வழங்கப்படும் மகப்பேறு நிதியுதவிக்கு அவருடைய பெயர்தான்.

"எங்கள் உறுப்பினர் இவற்றில் என்ன பேசினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறையை எழுதினால் யாராவது படிப்பார்களா?" – ஈரோடு வாசகர்

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிடப்படுகின்றன. பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாக அதற்கு எழுதலாம். முகவரி: சட்டமன்றப் பேரவைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009. கடிதத்தில் ஒரே குறையை எழுதுங்கள். தேதி, இடம், யாரிடம் ஏற்கெனவே முறையிட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பவற்றைத் தவறாமல் சேர்த்து, நகலை உங்கள் உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவரிடமிருந்து பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள். அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஒரு வரியும் சுருக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.